மலையேற்றமும் இதயமும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி, மலைக்கோட்டையால் புகழ்பெற்ற ஊர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் நெடிய மதில்களால் இணைத்து எழுப்பப்பட்ட கோட்டை அஃது. நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தானியர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு மாறிய அக்கோட்டையை 2025-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. இராசகிரியின் அடிவாரத்தில் கலியாண மகால், குதிரை இலாயம் முதலிய கட்டடங்களுக்கிடையே, இரண்டு கட்டடங்கள் நம் கருத்தைக் கவர்வன. ஒன்று நெற்களஞ்சியம், மற்றொன்று உடற்பயிற்சிக் கூடம்.

கோட்டையை ஆண்டோர் படைவீரர்க்கு வேண்டும் நெல்லைச் சேமித்து வைத்ததோடு அமையவில்லை. அந்நெல்லை உண்டோர் உடலை உழைப்பில் ஈடுபடுத்துதற்கும் இடம் வகுத்தனர். உண்ட உணவு உழைப்பாக மாறுதல் வேண்டும். அவ்வுழைப்பால் உடல் உரம் பெறுதல் வேண்டும். இவ்விரண்டும் உடலினுள்ளே எவ்வாறு நிகழ்கின்றன? நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் இதயம் என்ன செய்கின்றது? நாள்தோறும் பயின்றால் அஃது எவ்வாறு மாறுகின்றது? பயிற்சியைக் கைவிட்டால் யாது விளையும்? இவ்வினாக்களுக்குரிய விடைகளை இப்பாடத்தில் காண்போம்.

இதயம் என்பது தசையால் ஆகிய ஒரு பை. ஒருவர் தம் கையை மூடினால் அம்முட்டி எவ்வளவு பெரிதோ, ஏறக்குறைய அவ்வளவு பெரியது அவரது இதயம். அது சுருங்கும்போது குருதி வெளியே தள்ளப்படுகின்றது. விரியும்போது உள்ளே வந்து நிறைகின்றது. குருதி இவ்வாறு உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்தையே அடைகின்றது என்னும் உண்மையை வில்லியம் ஆர்வி என்னும் ஆங்கில மருத்துவர் 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் உலகம் தெளிவாக அறிந்தது. வளர்ந்த ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது, அவரது இதயம் நிமிடத்திற்கு 70 முறை அளவில் துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியை வெளியேற்றுகின்றது. ஆகவே நிமிடம் ஒன்றுக்கு 5 லிட்டர் குருதி அதன் வழியே செல்கின்றது. உடலிலுள்ள குருதி முழுவதும் ஏறத்தாழ 5 லிட்டரே ஆதலின், ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடுகின்றது என்னலாம். ஒரு நாளில் அவ்விதயம் துடிக்கும் எண்ணிக்கை 1,00,000-ஐத் தாண்டும்.

செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த அனந்தபுரம் பேரூரில் வாழும் பதினைந்து வயது மாணவன் ஒருவன், பள்ளித் தோழர்களோடு இராசகிரிக்குச் செல்வதாகக் கொள்வோம். அவனது எடை 50 கிலோகிராம். குன்றின் உயரம் ஏறத்தாழ 800 அடி. அஃதாவது 240 மீட்டர். அவன் முதற்படியில் கால் வைக்கின்றான். அவன் உடலினுள் நிகழ்வனவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலில் மாறுவது நாடித்துடிப்பு. இதயத்தை அடக்கி ஆளும் நரம்புகள் இருவகைப்படும். ஒருவகை, குதிரையின் கடிவாளம் போன்று இதயத்தின் விரைவைக் குறைத்து நிறுத்துவது. இதனை வேகசு நரம்பு என்பர். மற்றொருவகை, இதயத்தை விரைந்து துடிக்குமாறு தூண்டுவது. மாணவன் படியேறத் தொடங்கியவுடன் மூளை முதற்கண் கடிவாளத்தைத் தளர்த்துகின்றது. எனவே நாடி சில நொடிகளிலேயே விரைகின்றது. ஏற்றம் தொடருமாயின் தூண்டும் நரம்புகளும் வேலை செய்கின்றன. அட்ரீனலின் என்னும் சுரப்புநீரும் குருதியிற் கலக்கின்றது. இதயம் விரைவாகத் துடிப்பதோடு, ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் வலிவுடன் சுருங்கி, மிகுதியான குருதியைத் தள்ளுகின்றது. நிமிடத்திற்கு 5 லிட்டர் தந்த இதயம், கடும் உழைப்பின்போது நல்ல உடல்நலம் வாய்ந்த இளைஞரிடம் 20 லிட்டருக்கு மேலும் தரும் ஆற்றல் உடையது.

குருதி மிகுந்து பாய்ந்தால் மட்டும் போதாது. வேண்டிய இடத்திற்கு அது செல்லுதல் வேண்டும். கோடையில் ஏரி நீரைப் பங்கிடும் மடையன், பயிர் வாடும் வயலுக்கு மடையைத் திறந்து, நீர் தேங்கிய வயலுக்கு அடைப்பதைக் காண்கின்றோம். உடலும் அவ்வாறே செய்கின்றது. நாம் ஓய்ந்திருக்கும்போது இதயம் அனுப்பும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கே எலும்பைப் பற்றிய தசைகளுக்குச் செல்லும். கடுமையாக உழைக்கும்போதோ ஐந்தில் நான்கு பங்கும் அதற்கு மேலும் அத்தசைகளுக்கே செல்கின்றது. உழைக்கும் தசையில் தோன்றும் வெப்பமும் கழிவுகளும் ஆங்குள்ள குருதிக்குழாய்களை விரியச் செய்கின்றன. இரைப்பை, குடல் ஆகியவற்றின் குழாய்கள் சுருங்கிக் கொள்கின்றன. வயிறு நிரம்ப உண்டவுடன் ஓடலாகாது என்று பெரியோர் கூறுவதன் காரணம் இதனால் விளங்கும். மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகள் என்னும் குழாய்கள் வேலை செய்யும் தசையில் எவ்வாறு திறந்து கொள்கின்றன என்பதை ஆராய்ந்த தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆகசுட்டு குரோக், அதற்காக 1920-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இனித் தசைகள் எதனைக் கொண்டு உழைக்கின்றன என்பதைக் காண்போம். அடுப்பு எரிய விறகு வேண்டும்; தசை இயங்கவும் எரிபொருள் வேண்டும். தசையின் நுண்ணறைகளில் ஏ.டி.பி. என்னும் பொருள் சிறிதளவு எப்பொழுதும் உள்ளது. அதுவே தசையைச் சுருங்கச் செய்வது. ஆயினும் அது கையிலுள்ள சில்லறைக் காசு போன்றது. சில நொடிகளிலே தீர்ந்துவிடும். தீரத் தீர அதனை உண்டாக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்கு உடல் மூன்று வழிகளை வைத்திருக்கின்றது. முதல் வழி, தசையிலேயே உள்ள கிரியாட்டின் பாசுபேட்டு என்னும் பொருளைக் கொண்டு உடனே ஈடு செய்வது. இது பத்து நொடி அளவிற்கே உதவும். இரண்டாம் வழி, சர்க்கரையை உயிர்வளியின் துணையின்றியே உடைப்பது. இது விரைவானது, ஆனால் சிக்கனம் இல்லாதது. மூன்றாம் வழி, சர்க்கரையையும் கொழுப்பையும் உயிர்வளியோடு சேர்த்து முழுதும் எரிப்பது. இது மெல்லத் தொடங்குவது. எனினும் நெடுநேரம் நிலைப்பது.

மாணவன் முதற் சில படிகளைத் தாவி ஏறியபோது முதலிரு வழிகளே அவனுக்கு உதவின. இரண்டு மூன்று நிமிடங்களில் அவனுக்கு மூச்சு வாங்குகின்றது. இதயமும் நுரையீரலும் உயிர்வளியைத் தசைகளுக்குப் போதிய அளவில் கொண்டு சேர்ப்பதற்குச் சிறிது நேரம் ஆதலே இதற்குக் காரணம். பின்னர் அவன் ஒரே சீராக ஏறுவானாயின் மூன்றாம் வழி முழுதும் திறந்து கொள்ளும். மூச்சும் ஓரளவு சீர்ப்படும். மலையேறப் பழகியவர் தொடக்கத்தில் விரையாது மெல்ல அடியெடுத்து வைப்பது இம்முறையை அறிந்தே போலும்.

சர்க்கரை உயிர்வளியின்றி உடையும்போது இலாக்டேட்டு என்னும் பொருள் தோன்றுகின்றது. இதனை நெடுங்காலம் நச்சுக்கழிவு என்றே பலரும் கருதி வந்தனர். மலையேறிய மறுநாள் தோன்றும் தொடைவலிக்கும் இதுவே காரணம் என்றனர். அது பொருந்தாது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. இலாக்டேட்டு ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் குருதியினின்று நீங்கிவிடுகின்றது. அதனை ஈரல் மீண்டும் சர்க்கரையாக்கிக் கொள்கின்றது. இதயத்தசை அதனை விரும்பி எரிபொருளாகக் கொள்கின்றது. மறுநாள் வலிக்குக் காரணம் தசையிழைகளில் ஏற்படும் மிக நுண்ணிய சிதைவேயாகும். அதிலும் ஒரு வியப்பு உண்டு. ஏறும்போதைக் காட்டிலும் இறங்கும்போதே இச்சிதைவு மிகுதி. இறங்கும்போது தொடைத்தசை, நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். சில நாட்களில் அத்தசை தன்னைச் செப்பனிட்டுக் கொண்டு முன்னினும் உறுதியாகின்றது.

மாணவன் உச்சியை அடைந்துவிட்டான். அவன் செலவிட்ட ஆற்றல் எவ்வளவு? 50 கிலோகிராம் எடையை 240 மீட்டர் உயரத்திற்குத் தூக்குவதற்கு வேண்டிய வேலை, கணக்கிட்டால், 28 கிலோகலோரியே ஆகும். ஆனால் மனிதத் தசை தான் எரிக்கும் பொருளில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற வல்லது. எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது. ஆதலின் அவன் அவ்வேற்றத்திற்கென எரித்தது 110 முதல் 140 கிலோகலோரி வரை இருக்கும். இது சில இட்டிலிகள் தரும் ஆற்றலே. வீணான வெப்பத்தை வெளியேற்றவே அவன் உடல் வியர்வையில் நனைந்தது. இவ்வளவு உயர்ந்த குன்றை ஏறியும் செலவு இவ்வளவுதானா என்று வியப்பு உண்டாகலாம். உடற்பயிற்சியின் பயனை எரிந்த உணவின் அளவால் மட்டும் அளத்தல் கூடாது என்பதற்கு இஃது ஒரு சான்று. அதன் பெரும்பயன் உடல் அடையும் மாற்றத்தில் இருக்கின்றது.

அம்மாற்றங்களுள் ஒன்று அன்றே நிகழ்கின்றது. உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் சர்க்கரை, தசையினுள் புகுதல் வேண்டும். தசையின் நுண்ணறைகளுக்குக் கதவுகள் உள்ளன என்று கொள்வோம். அக்கதவுகளைத் திறக்கும் திறவுகோல் கணையத்தில் சுரக்கும் இன்சுலின். சிலருக்கு இத்திறவுகோல் இருந்தும் கதவுகள் எளிதில் திறப்பதில்லை. அதனால் சர்க்கரை குருதியிலேயே தேங்குகின்றது. இதுவே நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் நீரிழிவு நோய்க்கு அடிப்படை. உழைக்கும் தசையோ இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. அது சுருங்கி விரிவதே கதவுகளைத் திறந்து, சர்க்கரையை உள்ளே இழுக்கின்றது. உழைப்பு முடிந்த பின்னரும் ஒரு நாள் அல்லது இரு நாட்கள் வரை தசை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்க்கின்றது. அதன்பின் அப்பயன் தேய்ந்துவிடும். ஆகவேதான் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நெடுந்தொலைவு நடப்பதினும், பெரும்பாலான நாட்களில் அளவாக நடப்பது நன்று என்கின்றனர்.

மற்றைய மாற்றங்கள் மெல்ல நிகழ்வன. அதே மாணவன் நாள்தோறும் ஓடியும் நடந்தும் விளையாடியும் வருவானாயின், முதற் சில நாட்களிலேயே அவன் குருதியின் நீர்ப்பகுதி மிகுகின்றது. அதனால் இதயம் நன்கு நிறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியாகத் தர இயலுகின்றது. வாரங்கள் சில செல்ல, தசைகளில் தந்துகிகள் புதியனவாக முளைக்கின்றன. நுண்ணறைகளினுள் உயிர்வளியைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் அடுப்புகளாகிய இழைமணிகள் பெருகுகின்றன. சான் ஆலோசி என்னும் அமெரிக்க அறிஞர் எலிகளை நாள்தோறும் ஓடப் பயிற்றி, அவற்றின் தசைகளில் இவ்விழைமணிகளின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்று 1967-ஆம் ஆண்டில் எழுதினார். அடுப்புகள் பெருகவே, பயின்ற உடல் கொழுப்பை மிகுதியாக எரிக்கவும், சேமித்த சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிடவும் கற்றுக்கொள்கின்றது.

மாதங்கள் செல்ல இதயமும் வளர்கின்றது. அதன் இடக் கீழறை விரிவடைகின்றது. சுவரும் அதற்கேற்ப உறுதி பெறுகின்றது. அதன் பயனை எளிய கணக்கால் அறியலாம். துடிப்பு ஒன்றுக்கு 70 மில்லிலிட்டர் தந்த இதயம் 100 மில்லிலிட்டர் தருமாயின், ஓய்வு வேளைக்கு வேண்டிய 5 லிட்டரைத் தர நிமிடத்திற்கு 50 துடிப்பே போதும். நிமிடத்திற்கு 20 துடிப்பு மிச்சமாகின்றது. ஒரு நாளில் 28,800 துடிப்பு மிச்சம். நெடுந்தொலைவு ஓடப் பயின்றோர்க்கு ஓய்வில் நாடி நிமிடத்திற்கு 50-க்குக் கீழே இருப்பதும் உண்டு. ஒருவரது இதயம் மிக விரைந்து துடிக்கக்கூடிய எல்லையோ பயிற்சியால் பெரிதும் உயர்வதில்லை. அது வயதையே பொறுத்தது. ஆகவே பயின்றோனுக்கும் பயிலாதோனுக்கும் உள்ள வேற்றுமை, துடிப்பின் விரைவில் அன்று. ஒவ்வொரு துடிப்பும் சுமந்து செல்லும் குருதியின் அளவிலேயே உள்ளது.

இங்ஙனம் பெற்ற செல்வத்தைப் பூட்டி வைக்க இயலுமா? இயலாது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாலசு நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டியது. இருபது வயதுடைய இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. ஆயினும் மூன்று வாரம் முடிந்தபோது, உயிர்வளியைப் பயன்கொண்டு உழைக்கும் அவர்களது ஆற்றல் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்திருந்தது. பின்னர் எட்டு வாரம் பயிற்சி அளிக்க, இழந்ததை மீட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதடைந்த அதே ஐவரை மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடம் விளைத்த குறை, இளமையில் மூன்று வாரப் படுக்கை விளைத்த குறையினும் சிறிதாகவே இருந்தது. ஆறு மாத காலம் படிப்படியாக மிகுவித்த பயிற்சியால், அம்முப்பது ஆண்டில் இழந்த ஆற்றலையும் அவர்கள் திரும்பப் பெற்றனர். உடல் கேட்ட வேலைக்கேற்பத் தன்னை ஆக்கிக் கொள்வது. கேளாதபோது ஆக்கியதைக் கலைத்து விடுவது. இவ்வுண்மையை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வுண்மை அனந்தபுரம் போன்ற ஊர்களுக்கு இன்று மிகவும் வேண்டற்பாலது. முற்காலத்தில் இப்பகுதி உழவர் கவலை இறைத்தும், ஏர் பின்சென்றும், மணிலாக்கொட்டை பறித்தும் பகல் முழுதும் உழைத்தனர். மகளிர் நெல் குற்றினர், மாவு அரைத்தனர், கிணற்றினின்று நீர் சுமந்தனர். சந்தைக்கும் திருவிழாவிற்கும் கால்நடையாகவே சென்று மீண்டனர். உடற்பயிற்சி என்று தனியே ஒன்றை அவர்கள் நாடவேண்டிய தேவை எழவில்லை. இன்று நீரை மின்பொறி இறைக்கின்றது. நிலத்தை டிராக்டர் உழுகின்றது. மாவை இயந்திரம் அரைக்கின்றது. அண்மையிலுள்ள கடைக்கும் மோட்டார் வண்டியிற் செல்கின்றோம். இவற்றால் துன்பம் நீங்கியது உண்மையே. கவலை இறைக்கும் வாழ்வுக்குத் திரும்புவோம் என்று எவரும் விரும்பார், விரும்பவும் வேண்டுவதில்லை. ஆனால் உழைப்பு நீங்கியபோது அவ்வுழைப்பு இதயத்திற்கும் தசைக்கும் அளித்து வந்த காப்பும் உடன் நீங்கியது. இதனை நாம் உணரவில்லை.

உழைப்புக் குறைந்தால் பசியும் குறையாதோ, உணவு தானே அளவுபடாதோ என்று வினவலாம். மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். சான் மேயர் என்னும் அறிஞரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த இந்தியரும் 1956-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். ஓரளவேனும் உடலால் உழைத்த தொழிலாளரிடம், உழைப்பு மிக மிக உணவும் மிகுந்தது. உடல் எடை ஏறாது நின்றது. கடையில் அமர்ந்திருந்தோரும் மேசையில் இருந்து எழுதியோருமோ, உழைப்புக் குறைந்திருந்தும் உணவைக் குறைக்கவில்லை. உடல் எடையும் அவர்களிடமே மிகுந்திருந்தது. உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே தாழுமாயின், பசி நமக்கு நல்வழிகாட்டியாக நிற்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இதயநோயைப் பற்றியும் இத்தகைய ஆராய்ச்சி உண்டு. இலண்டன் மாநகரில் ஓடிய ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே சாலையில் பணியாற்றினர். ஓட்டுநர் வேலைநேரம் முழுதும் அமர்ந்திருந்தனர். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படிகளை நாளொன்றுக்கு அறுநூறு அளவில் ஏறினர். செரமி மோரிசு என்னும் மருத்துவர் இவ்விரு திறத்தாரையும் ஒப்பிட்டு 1953-ஆம் ஆண்டில் எழுதினார். நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களுள்ளும் விரைவில் உயிரிழந்தோர் ஓட்டுநரினும் குறைவு. நடத்துநர் இயல்பிலேயே மெலிந்தவராதல் கூடுமன்றோ என்னும் ஐயம் எழுந்தது. மோரிசு அவர்களுடைய சீருடையின் இடுப்பளவுகளை ஆராய்ந்தார். ஓட்டுநர் பருத்தவராகவே இருந்தனர். எனினும் பின்னர்ச் செய்த ஆராய்ச்சியில், மெலிந்தவரோடு மெலிந்தவரையும் பருத்தவரோடு பருத்தவரையும் ஒப்பிட்டபோதும், படியேறிய நடத்துநரே நலம் மிக்கவராகக் காணப்பட்டனர்.

நம் சென்னை மாநகரிலும் ஒரு சிறந்த ஆராய்ச்சி நிகழ்ந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு அளவு கவனித்து, 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு தோன்றிற்று. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கவும், உணவை நெறிப்படுத்தவும் அறிவுறுத்தப்பட்டவருள் நூற்றுக்கு 39 பேருக்கே அது தோன்றிற்று. இப்பயன் நடைக்கும் உணவு நெறிக்கும் பொதுவானது. நோயை முற்றும் ஒழிக்கவில்லையேனும், வரவிருந்த நோயைப் பலரிடத்துத் தடுக்கவோ தள்ளிவைக்கவோ செய்தது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் தொகை 10 கோடிக்கு மேல் என்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. அத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்குங்கால், நூற்றுக்குப் பதினாறு பேரைக் காத்தல் எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

அங்ஙனமாயின் எவ்வளவு பயிற்சி வேண்டும்? உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த நெறியின்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபடுதல் வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் வேண்டும். மிதமான உழைப்பு என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடந்துகொண்டே பேச இயலுதல் வேண்டும். ஆனால் பாட இயலாத அளவிற்கு மூச்சு விரைந்திருத்தல் வேண்டும். சடுகுடு, ஓட்டம், நீச்சல், மிதிவண்டிப் பயணம் ஆகிய எல்லாம் இதற்கு ஏற்றனவே. பொருட்செலவு வேண்டுவதில்லை. ஆண்பிள்ளைகட்கு மட்டும் உரியது என்று எண்ணிப் பெண்பிள்ளைகளை வீட்டினுள் இருத்துதல் பெருந்தவறு. இதயம் இருபாலார்க்கும் ஒன்றே.

பயிற்சிக்கு முறையும் வேண்டும். பயிலாத உடலை முதல் நாளே கடும் ஏற்றத்தில் ஈடுபடுத்தலாகாது. சிறிது சிறிதாக மிகுவித்தல் வேண்டும். தொடக்கத்தில் மெல்ல நடந்து உடலை வெப்பமாக்கிக் கொள்க. முடிவிலும் உடனே நின்றுவிடாது சிறிது நேரம் நடந்து ஓய்க. ஏனெனில் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் குருதியைப் பிழிந்து இதயத்திற்கு மேலேற்றுகின்றன. திடீரென நின்றால் குருதி கால்களிலேயே தேங்கித் தலைசுற்றல் உண்டாகலாம். கடும் வெயிலில் ஏறுதல் தகாது. நீர் அருந்துதல் வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ மயக்கமோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. இதயநோய் உடையோரும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்டே பயிற்சியை வகுத்துக் கொள்ளல் வேண்டும். சில மருந்துகளோடு பயிற்சியும் சேரும்போது குருதியில் சர்க்கரை அளவிறந்து தாழ்ந்துவிடக் கூடும்.

மாணவர்களே, உங்கள் மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து நாடியை எண்ணிப் பாருங்கள். காலையில் எழுந்தவுடன் ஒரு நிமிடம் எண்ணி ஏட்டில் குறியுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாடி, மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருக்குமாயின், உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் மிகுதியாகத் தரக் கற்றுக்கொண்டது என்று அறிவீர்கள். வீட்டில் பெற்றோரும் தாத்தா பாட்டியும் இருப்பின் அவர்களையும் மாலையில் உடன் அழைத்து நடவுங்கள். ஐம்பது வயதிலும் உடல் கற்கும் என்பதை மேலே கண்டோம் அல்லவா?

பொன்னும் பொருளும் முன்னோர் தேடி வைத்துச் செல்ல, பின்னோர் பெறலாம். உடலின் வலிமையை அவ்வாறு பெறுதல் இயலாது. நேற்றுத் தேடியதை நாளைக்கென வைத்திருத்தலும் இயலாது. அவரவர் அன்றன்று உழைத்துப் பெறவேண்டிய செல்வம் அது. இளமையிலேயே அப்பழக்கத்தை மேற்கொள்வோர், முதுமையிலும் பிறர் கையை எதிர்பாராது தம் காலால் நடந்து, தம் கடமையைத் தாமே செய்து வாழ்வர்.